துணைக்கு ஒரு ஆள்

“பைத்தியத்துக்குத் துணையா தேனி வரைக்கும் போகணுமாம். எல்லாம் என் தலையெழுத்து” என்று சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார் கோட்டைச்சாமி. பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்ற மாயக்காள், கேட்காதவள்போல் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கோட்டைச்சாமி ஓட்டிப்போன அவருடைய ஜீப், மலைப்பாதை வளைவில் பிரேக் பிடிக்காமல் உருண்டது. கூலிக்குப் போன ஜக்கம்மா அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த மாயக்காள் கீறலோடு தப்பினாள்.

தப்பி என்ன? தூக்கத்தில் அலறினாள். ஜீப் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தாள். கடைசியில் அவளாகவே தேனி பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவள் அலறும்போதெல்லாம் ஊர் கோட்டைச்சாமியின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ‘இவளுக்குப் பிறவியிலேயே கோளாறு’ என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் தன் மேலுள்ள பழி பாதியாவது குறையும் என்பது அவர் எண்ணம். அதனால்தான், “துணைக்கு ஒரு ஆளக் கூட்டியாரச் சொல்லியிருக்காகண்ணே, வண்டில இருந்தவுகளா இருந்தா நல்லதாம்” என்று அவள் வந்து நின்றதும், சலித்துக்கொள்வதுபோல் சலித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கம்பத்தில் தேனி பஸ் ஏறியதும் உபதேசம் ஆரம்பமானது.

“நானுந்தான் அதே வண்டில உருண்டேன். எனக்கென்ன கெட்டுப்போச்சு? சோத்தத் தின்னோமா, வேலையப் பாத்தோமான்னு இருக்கணும். மனசாம், அதுக்கு ஒரு டாக்டராம்.”

“வேலைன்னதும் கேக்குறேன், ஜீப்ப எப்பண்ணே வெளிய எடுப்பீக?”

“கிளட்ச் பிளேட் வரணும்ல.”

ஏழு மாதமாக அந்தக் கிளட்ச் பிளேட் எங்கிருந்தோ வந்துகொண்டேதான் இருக்கிறது.

“ரெண்டு மாசமா நீ கத்துறதில்லன்னு உன் வீட்டுக்காரன் பெரும பேசுறான். சத்தம் அடங்குனா முத்திப்போச்சுன்னு அர்த்தம், ஆத்தா. தெரிஞ்சுக்க.”

மாயக்காள் சிரித்தாள். தனியாகச் சிரிக்க வேறு ஆரம்பித்துவிட்டாள், இனிச் சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினார் கோட்டைச்சாமி.

சின்னமனூர் தாண்டியதும் முன்சீட்டுக்காரர் திரும்பினார். “அண்ணே, காலக் கொஞ்சம் எடுங்க. ஒவ்வொரு வளைவுலயும் என் சீட்டப் போட்டு மிதிக்கிறீக.”

“பஸ்ஸுன்னா இடிக்கத்தான் செய்யும். நோகுதுன்னா கார் வச்சுப் போ.”

மாயக்காள் குனிந்து அவருடைய வலதுகாலை ஒருமுறை பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னப் பெண்ணாக இருந்தது கோட்டைச்சாமிக்கு இன்னும் இளக்காரமாகப் போயிற்று. உள்ளே நுழைந்ததும் முந்திக்கொண்டார்.

“டாக்டரம்மா, இதுக்குக் கோளாறு மண்டையில. ஜீப் உருண்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டீகன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

டாக்டர் அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு மாயக்காள் பக்கம் திரும்பினார். “என்ன மாயக்கா, உங்களுக்குத்தான் குணமாயிருச்சே. இனிமே வர வேணாம்னு போன மாசமே சொன்னேனே?”

“ஞாபகம் இருக்கு டாக்டரம்மா.”

நோயாளி உட்காருகிற நாற்காலியை இழுத்துக் கோட்டைச்சாமியின் முன்னால் போட்டாள் மாயக்காள்.

“நான் சொன்ன டிரைவரண்ணன் இவுகதான். காலு இன்னும் பிரேக்க விடல.”