யாரும் ரிசல்ட் சொல்லக் கூடாது

வீரசிங்கம் அண்ணன் வாயைத் திறக்காமல் என்னைக் கடந்து போனார்.

அது நடக்கவே நடக்காத காரியம்.

தேயிலை ஃபெக்டரியில் ராத்திரி வேலை முடிந்து, காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் லயத்து வரிசை வீடுகளுக்குள் நுழைந்திருந்தேன். முந்தின இரவு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மெட்ச். உலகத்துக்கே அது முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் இனிமேல்தான் ஆரம்பம். வீட்டில் ரெக்கோடர் பிடித்து வைத்திருந்தது.

தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் டிவிடி ரெக்கோடர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பதுளை டவுனில் பழைய சாமான் கடை ஜௌபர் நானா தன் குவியலுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். நேரத்தைக் குறித்து வைத்தால் ஆள் இல்லாமலே பிடிக்கும், விளம்பரத்தை ஓட்டித் தள்ளலாம், டிஸ்கை அழித்துவிட்டு மறுபடியும் பிடிக்கலாம் என்று அதன் பெருமைகளை அடுக்கினார். பத்துக் குடும்பம் பத்துக் காம்பராவில் ஒட்டிக் கிடக்கிற லயத்தில் அக்கம்பக்கத்து வாய்களை எப்படி அடைப்பது என்பதை மட்டும் அந்த மனிதர் சொல்லவில்லை.

வீரசிங்கம் அண்ணன் பக்கத்துக் காம்பரா. இந்தியா கட்சி. இந்தியா ஜெயித்தால் நான் கதவைத் திறப்பதற்கு முன்பே சுவரைத் தட்டி ஸ்கோரைச் சொல்லிவிடுவார்.

அவரைவிட மோசம் மடுல்சீமையில் இருக்கும் எங்கள் அப்பா. ரிசல்டைச் சொல்லிக் கெடுப்பதற்கென்றே விடியற்காலையில் போனில் கோல் எடுப்பார். "முடிஞ்சு போன மெட்சுக்கு ஏன்டா இந்தப் பதறு பதறுற?" என்று கேட்டுச் சிரிப்பார். அவருக்குப் பயந்தே நேற்று சாயந்தரம் போனை ஓஃப் பண்ணி வைத்திருந்தேன்.

இப்போது அண்ணன் பேசாமல் போகிறார் என்றால் இந்தியா தோற்றிருக்க வேண்டும். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் கடைசிக் காம்பரா அஜந்தன் நம்ம கட்சி. அவனும் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரண்டு கட்சிக்கும் முகம் தொங்கினால் என்ன அர்த்தம்? மழையில் மெட்ச் நின்றுபோயிருக்குமோ? அப்படியானால் என் மெஷின் நாலு மணி நேரமும் குடைகளைத்தான் பிடித்து வைத்திருக்கும்.

வீட்டுக்குள் போனதும் என் மனைவி யசோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "மெட்ச் முடியிற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது" என்று கையைக் காட்டி நிறுத்தினேன். முகம்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

அவளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இது முதல் தடவை. கிரிக்கெட் என்றாலே பாத்திரத்தை உருட்டுகிறவள் அவள்.

விளம்பரம் வந்ததும் ரிமோட்டை எடுத்தேன்.

"ஓட்டாதீங்க. மெதுவாவே பாருங்க" என்றாள்.

இவளுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் அடுப்பும் அன்று பற்றவில்லை. ரொட்டியும் சம்பலும் அண்ணன் வீட்டிலிருந்து வந்தன. கொண்டுவந்த அண்ணி, தட்டை வைத்துவிட்டு என் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். இவ்வளவு பரிதாபப்படுகிறார்களே, இலங்கைக்குப் படுதோல்விதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ரொட்டியைப் பிய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் எந்தக் காம்பராவிலும் ஒரு பாட்டுச் சத்தம் இல்லை. என் ஒருவனுக்காக லயமே வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி ஓவர் வந்தது. இலங்கைக்கு ஆறு பந்தில் ஒன்பது ஓட்டம் வேண்டும். முதல் பந்திலேயே நாலு. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இரண்டாவது பந்தைப் போட ஓடி வருகிறான்.

திரை நீலமாகிவிட்டது.

நாலு மணி நேரம் என்று குறித்திருந்தேன். நாலு மணி நேரம் பிடித்துவிட்டு மெஷின் நின்றுவிட்டது. இடையில் மழைக்கு நின்ற இருபது நிமிஷத்தை அது எங்கே கண்டது? நாசமாய்ப் போக என்று திட்டிக்கொண்டே வெளியே ஓடினேன்.

வாசலில் பாதி லயம் நின்றது. எல்லாரும் தூரப் பயணம் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள்.

"யாரு அண்ணே ஜெயிச்சது?" என் சட்டத்தை நானே உடைத்தேன்.

வீரசிங்கம் அண்ணன் முன்னால் வந்தார். "ஒங்க ஆளுங்கதான் தயா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. "இந்தியா தோத்ததுக்கா அண்ணே இந்த அழுக?" என்று கேட்டுக் கைகொட்டிச் சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

யசோதினி பின்னாலிருந்து வந்து என் தோளைப் பிடித்தாள்.

"மடுல்சீமைக்குப் போக வேன் பன்னெண்டு மணிக்குத்தாங்க வரும். அதுவரைக்கும் அவன் மெட்ச பாக்கட்டும், அழுவுறதுக்கு நாள் கெடக்குன்னு அண்ணன்தான் சொன்னாரு. அப்பா விடிய அஞ்சு மணிக்கே போயிட்டாருங்க."

என் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.