குளியல் தொட்டிப் பயிற்சி

“பிழை. காத்தை வெளியிலை விட்டிட்டாய். மேலை வாறதெண்டால் மற்றப் பொத்தானை அமத்த வேணும்.”

குளியல் தொட்டி நிறைய ஐஸ் தண்ணீர். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, தடித்த ரப்பர் கையுறைகளோடு, மிதவைச் சட்டையின் காற்றுக் குழாயைத் தடவிக்கொண்டிருந்தாள் லவினியா.

“விரல் விறைக்குதப்பா. கையுறைக்குள்ளாலை எது எந்தப் பொத்தானெண்டு பிடிபடுதில்லை.”

“ஏரிக்குள்ளையும் பிடிபடாது. திரும்பச் செய்.”

ஏரிக்கு அடியில் மூழ்கிச் சுழியோடும் வகுப்பில் அவள் சேர்ந்த நாளிலிருந்து அப்பா சில்வெஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போதும் ‘மேலை வர எந்தப் பொத்தான்?’ என்ற கேள்விதான். கரண்டியை வைத்துவிட்டு அவள் காற்றில் பொத்தானை அழுத்திக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை லவினியா மற்றவர்களோடு ஏரிக்குள் இறங்கினாள். அவள் தலை மறைந்ததும் சில்வெஸ்டர் குட்டி போட்ட பூனையாகக் கரையில் நடக்கத் தொடங்கினான். தண்ணீரில் குமிழி தெரிந்தால் நின்றான். தெரியாவிட்டால் மறுபடி நடந்தான்.

லவினியாவோடு மேலே வந்த பயிற்சியாளர் மார்ட்டினா நேரே அவனிடம் வந்தார்.

“முதல் தடவையே இந்தக் கையுறையோடு தடுமாறாமல் பொத்தானை அழுத்தியவரை இப்போதுதான் பார்க்கிறேன். நீங்கள்தான் பழக்கினீர்களாமே? அடுத்த வாரம் நீங்களும் எங்களோடு இறங்குங்கள்.”

சில்வெஸ்டர் இரண்டடி பின்னால் போனான்.

“இவருக்கு நீந்தவே தெரியாது,” என்று அவரிடம் ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரித்தாள் லவினியா. “முழங்காலளவு தண்ணீருக்கே பயம்.”

அவன் சிரிக்கவில்லை. அவளுடைய ஈரக் கையுறையைக் கழற்றியபடி தமிழில் மெல்லச் சொன்னான்:

“கீழை உனக்கு ஏதும் நடந்தால் என்னாலை வந்து தூக்க ஏலாது. அதுதான்.”