கரை தெரியுதா?

"கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உனக்கு?"

படகு துறையைத் தொடுவதற்குள்ளேயே அக்காவின் குரல் வந்து மோதியது. கயிற்றைத் தூணில் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு அவருக்கு இல்லை. பாய்மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவருடைய நண்பர் வெல்டருக்கு.

"பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு என் தம்பி சுருண்டு கிடந்தான். அவனைப் போய், 'கண்ணு போறதுக்குள்ள கரையெல்லாம் சுத்திக் காட்டு'ன்னு இழுத்துட்டுப் போயிட்டியே! எத்தனை வாரம்! ஆளைப் பாரு, கறுத்து, காய்ஞ்சு சுள்ளியா வந்திருக்கான்!"

"தப்புதான்க்கா" என்றார் வெல்டர். "இனிமே கூப்பிட மாட்டேன்."

"சிரிப்பு வேற!"

மெக்கானிக் கயிற்றை இன்னும் இறுக்கினார். அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

இரண்டு பேரும் மீசை முளைக்காத வயதிலிருந்து ஒரே படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். மனைவி போன பிறகு மெக்கானிக் வீட்டுக் கதவைச் சாத்தியவர்தான். ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அக்கா தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைப்பாள். மறுநாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே போவாள்.

அப்படி ஒரு காலையில்தான் வெல்டர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"டேய், டாக்டர் கையை விரிச்சிட்டார். இருக்கிற கொஞ்சநஞ்சப் பார்வையும் போயிடுமாம். அதுக்குள்ள இந்தக் கரையை ஒரு தடவை முழுசாப் பார்த்துடணும். உன் படகுலதான் போகணும்."

"என்னால எழுந்திரிக்கவே முடியலைடா."

"அப்போ நான் பார்க்காமலே போய்ச் சேரணுமா?"

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன ஜென்மம் இவன்! அடுத்தவன் வீட்டில் சாவு விழுந்திருக்கும்போதும் தன் ஆசைதான் பெரிசா? ஆனாலும் மறுக்க வாய் வரவில்லை. சபித்துக்கொண்டேதான் எழுந்தார்.

கடலிலும் நிம்மதியாக விட்டானா?

"அங்கே என்னடா?"

"கலங்கரை விளக்கம்."

"என்ன நிறம்?"

"ஏன், உனக்குத் தெரியலையா?"

"நிழலாத் தெரியுது. நிறம்தான் பிடிபடலை."

எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தால்தான் நிறம் சொல்ல முடியும். சிவப்பும் வெள்ளையும். "அதுக்குப் பக்கத்துல?" பாறை. "பாறை மேல?" ஆடுகள், ஒன்று நொண்டுகிறது. "எந்தக் கால்?"

சாப்பாட்டிலும் அதே தொல்லைதான். நீ உட்காராமல் நான் தொட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிடுவார். மனைவி போன பிறகு மெக்கானிக் வயிறாரச் சாப்பிட்டது அந்தப் படகில்தான்.

ஒரு சாயங்காலம், கரையோர வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல ஆரம்பித்தவருக்குப் பாதியில் குரல் உடைந்துவிட்டது. அதுவரைக்கும் அழாத மனுஷன், சுக்கானைப் பிடித்தபடியே வாய்விட்டு அழுதார். வெல்டர் தடவித் தடவி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் மெக்கானிக்குக் கொஞ்சம் தூக்கமே வந்தது.

இன்று காலையில் சொந்தத் துறைமுகம் கண்ணில் பட்டபோது மெக்கானிக் படகை மெதுவாக்கினார். மறுபடியும் அந்தப் பூட்டிய வீடு.

"வந்துட்டோம்டா. கரை தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

வெல்டரின் முகம் நடுக்கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மெக்கானிக்குத் திக்கென்றது. அடப்பாவி, அந்த நிழலும் போய்விட்டதா?

இப்போது வெல்டரின் மனைவி துறைக்கு இறங்கி வந்தாள். "பலகை இருக்கு, வலது காலை எடுத்து வைங்க" என்று சொல்லிச் சொல்லி அவரை இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்தாள். அக்கா அங்கேயும் போய் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

மெக்கானிக் வெல்டரின் மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவனுக்குப் பார்வை சுத்தமாப் போயிடுச்சும்மா. போகும்போது நிழலாவது தெரிஞ்சுது. இவ்வளவு நாள் வெயில்லயும் உப்புக்காத்துலயும் வச்சிருந்து நானே கெடுத்துட்டேன். நாளைக்கே வேற டாக்டரைப் பார்ப்போம். என்ன செலவானாலும்..."

"நீங்க எதையும் கெடுக்கலைண்ணே."

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா கையை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். வெல்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி போன அன்னைக்கு, கடைசியா ஒரு தடவை முகம் பார்க்கணும்னு வந்தாரே, ஞாபகம் இருக்கா? பக்கத்துல ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னாரே... அன்னைக்கே அவருக்கு ஒண்ணும் தெரியலைண்ணே."

மெக்கானிக் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கும்மா கரையைப் பார்க்கணும்னு என்னை..."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என் கண்ணு போனது போனதுதான். அவன் கண்ணைத் திறக்கணுமே'ன்னாரு."