சான்றுப்பொருள்: ஒரு தூக்கு எண்ணெய்

1911 ஜனவரி பன்னிரண்டு, மாலை நாலேகால் மணி. மழை ஓய்ந்து, தோலை உரிக்கும் வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது.

மிஷன் பெண்பள்ளி ஆசிரியை சாலோமி தேவாலய முகப்பில் நின்றார். எதிரே உபதேசியார் இஸ்ரவேல், சபை மூப்பர் ஜேசுதாசன். நடுவே மேசைமேல், நாங்குநேரியிலிருந்து சாலோமி வண்டியில் வந்து இறங்கும்போதே அவர் கையில் பிடிபட்ட ஒரு தூக்குவாளி எண்ணெய்.

நாங்குநேரிப் பெருமாளுக்கு எண்ணெய்க்காப்பு உண்டு. வழியும் எண்ணெய் கோயில் கிணற்றில் சேரும். வறண்ட தோலுக்கு அதைவிட மருந்தில்லை என்பது சுற்றுவட்டார நம்பிக்கை.

"கோயில் எண்ணெயை வாங்குறது, கிறிஸ்து வேதக்காரி செய்யுத வேலையா இது?" என்றார் இஸ்ரவேல், காலைச் சொறிந்தபடி.

"நான் கும்பிடலை ஐயா. வாங்கிட்டுத்தான் வந்தேன்."

"உங்க மேலுதான் வழுவழுன்னு இருக்கே. பின்னே யாருக்கு?"

"அதை மட்டும் கேக்காதிய."

"சொல்லலைன்னா நாளைக் காலையில குருவானவருக்கு எழுதிருவேன். வேலை போயிரும்."

"போகட்டும் ஐயா."

ஜேசுதாசன் தூக்கை மோந்து பார்த்தார். "உபதேசியாரே, இதுல ஒரு மகிமையும் இல்லேன்னு நாம நிரூபிக்க வேண்டாமா? இல்லேன்னா சனம் நம்பிரும்லா?"

"நியாயம்வே. சத்தியத்துக்காக என் காலைத் தாரேன்."

செதில் செதிலாய் வெளுத்திருந்த இடக்காலில் இஸ்ரவேல் எண்ணெயைத் தேய்த்தார்.

"ஒரு கால்னா பாதிச் சத்தியம்தானவே?" என்றார் மூப்பர்.

வலக்காலும் நனைந்தது. மூப்பர் தம் இரண்டு முழங்கைகளையும் சத்தியத்துக்கு ஒப்புக்கொடுத்தார்.

"பொடுகுக்கும் கேக்காதுன்னு காட்டணும்லா?" என்று உபதேசியார் தலையைக் குனிந்தார்.

பொழுது சாய்வதற்குள் சத்தியம் தூக்கின் அடியைத் தொட்டுவிட்டது.

மறுநாள் காலை, ஜேசுதாசன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரும் பாராதபோது முழங்கையைத் தடவியபடி வயலுக்குப் போனார்.

பல மாதங்களில் முதல்முறையாகச் சொறியாமல் உறங்கி எழுந்த இஸ்ரவேல், குருவானவருக்கு எழுதினார்: 'சான்றுப்பொருள் தீர்ந்துபோனபடியால், குற்றம் நிரூபணமாகவில்லை.'

சாலோமி வழக்கம்போல் பள்ளிக்குப் போனார். வாசலில், கையில் வேறொரு காலித் தூக்கோடு, உபதேசியாரின் மனைவி கிரேஸ் காத்திருந்தார்.

"என் பேரைச் சொல்லாம நின்னியளே அக்கா! நான் கேட்டபடி நீங்க வாங்கிட்டு வந்த பொறவு, இவுகளைத் தேய்க்க வைக்க என்ன பொய் சொல்லலாம்னுல்லா நான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்!"