தூண்டில் போட்ட கவுன்சிலர்

"யாருடி இதை வரைஞ்சது?"

பால் பாக்கெட்டோடு வந்த வெங்கடநாராயணன் வாசலிலேயே நின்றுவிட்டார். கேட்டாரே தவிர, பதில் அவருக்குத் தெரியும். ஆர்ட் காலேஜில் படிக்கும் மகள் மதுவின் விரலில் கறுப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை.

கல்கத்தாவின் பெஹாலாவில் தேர்தல் வந்துவிட்டால் வீட்டுச் சுவர் வீட்டுக்காரனுக்குச் சொந்தமில்லை. எந்தக் கட்சி முதலில் வெள்ளையடிக்கிறதோ அதற்குத்தான். முந்தின நாள் கவுன்சிலர் பிமல் ஹால்தாரின் ஆட்கள், கேட்காமல் கொள்ளாமல் வெள்ளையடித்துக் காய விட்டிருந்தார்கள். காலையில் வந்து சின்னம் வரைவதாகப் பேச்சு.

அதற்குள் மது முந்திக்கொண்டாள்.

தெரு நிறைய முழங்கால் தண்ணீர். நடுவில் நாற்காலி போட்டு பிமல் ஹால்தார் உட்கார்ந்திருக்கிறார். கையில் தூண்டில். தண்ணீருக்குள் மீன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு ஓட்டுப் போடும் ஜனங்கள். கவுன்சிலரின் மூக்கும் தொப்பையும் அச்சு அசல்.

"நம்மாத்துச் சுவர்ப்பா. மழை வந்தா தண்ணியில நிக்கறதும் நாமதானே?" என்றாள் மது.

"நம்மாத்துச் சுவர்தான். ஆனா வார்டு அவரோடதாச்சே."

"மொதல்ல அழிச்சுடுங்கோ" என்றாள் ஜலஜா, கணவரிடம்.

அழிக்க நேரமில்லை. தெருவே கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு வாளியோடு கட்சி ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே பிமல் ஹால்தாரும் வந்தார். சிரிப்பு நின்றது.

அவர் படத்தை நிதானமாகப் பார்த்தார். மூக்கு வந்ததும் தன் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"பிமல்தா, சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. நானே அழிச்சுடறேன்." வெங்கடநாராயணன் வங்காளத்தில் கெஞ்சினார். கை தானாகக் கும்பிட்டது.

"நீ வரைஞ்சியா?" என்று பிமல் மதுவைக் கேட்டார்.

"ஆமாம், காக்கு." சித்தப்பா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். தலை மட்டும் குனியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லுங்க தாதா. சுவரோட ஜன்னலையும் சேர்த்துப் பார்த்துக்கறோம்" என்றான் வாளி வைத்திருந்தவன்.

"வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நீங்க அடுத்த தெருவுக்குப் போங்க."

சாயங்காலம் ஒரு தச்சனோடு அவரே வந்தார். மூங்கில் சட்டத்தில், சுவரையே அடைக்கிற மாதிரி ஒரு போஸ்டர். அதில் கைகூப்பிச் சிரிக்கும் பிமல் ஹால்தார். வெங்கடநாராயணன் எல்லாரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வெகுநேரம் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

மது அழுதாள். "சுண்ணாம்பு அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. தன் மூஞ்சியை வச்சு மூடிட்டார்ப்பா."

பிரஷ், பெயின்ட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள்.

தெருவும் விடவில்லை. பதவியில் இருக்கிறவனுக்குத் தன் முகத்தைத் தவிர வேறெந்தப் படம் பிடிக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வெங்கடநாராயணனுக்குத்தான் நிம்மதி. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிச் சொல்லிக் காபி குடித்தார்.

தேர்தல் முடிந்தது. பிமல் ஹால்தாரே ஜெயித்தார். அந்த வாரமே முதல் மழை. வழக்கம்போலத் தெருவில் முழங்கால் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிமல் தனியாக வந்தார். கையில் சுத்தியல். ஜன்னல் வழியாகப் பார்த்த வெங்கடநாராயணன் வாசலுக்கு விரைந்தார்.

பிமல் ஆணிகளைப் பிடுங்கிப் போஸ்டரை இறக்கினார். அதற்குப் பின்னால் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் ஷீட். அதையும் உரித்தார். ஒரு கோடு கலையாமல் இருந்தது மதுவின் படம்.

மது ஓடி வந்தாள்.

"எலெக்‌ஷன் நேரத்துல கட்சிப் பசங்க என் பேச்சைக்கூடக் கேட்க மாட்டாங்க, மா. எப்படியும் வந்து அழிச்சிருப்பாங்க. ஆனா போஸ்டர்ல இருக்கிற என் மூஞ்சி மேல சுண்ணாம்பு அடிக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?" என்று சிரித்தார் பிமல். "மறைச்சதுல எனக்கும் லாபம்தான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

மது பரணில் ஏற ஸ்டூலைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வெங்கடநாராயணன் நீளமாக மூச்சு விட்டார். "ரொம்பப் பெரிய மனசு, பிமல்தா. அவ பார்த்தாச்சு, அது போதும். போறவங்க வரவங்க உங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நானே வெள்ளையடிச்சுடறேன்."

பிமல் குனிந்து, தன் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"வேண்டாம், வெங்கட்பாபு. இந்தத் தண்ணி வடிய நான் வழி பண்ற வரைக்கும் இருக்கட்டும். தினமும் நான் இந்தத் தெரு வழியாத்தான் போறேன்."