ரெஜினாவுக்குச் சொல்ல வேண்டிய நிறங்கள்

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் ரெஜினா கணவர் தேவசகாயத்தை இழுத்துக்கொண்டு மலைமேல் பூங்காவில் இருக்கும் கண்ணாடி மாளிகைக்குப் போய்விடுவாள். வெளியே உறைபனியில் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, உள்ளே பூக்கள் கொட்டிக் கிடக்கும். இந்த வருடம் ஆபரேஷன் முடிந்து அவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. "நீங்க போய், ஒவ்வொண்ணும் என்ன கலருன்னு போன்ல சொல்லுங்க, போதும்" என்று தேவசகாயத்தை அனுப்பிவிட்டாள்.

சிவப்புக்கும் பச்சைக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாது என்பதைக் கல்யாணத்திலிருந்தே மறைத்து வந்தவர் அவர். தொட்டிகளுக்கு நடுவே நின்று பல்லைக் கடித்தார். வாயில் நுழையாத லத்தீன் பெயரையெல்லாம் பலகையில் எழுதி நட்டவனுக்கு, கீழே 'இது சிவப்பு' என்று ஒரு வரி எழுதக் கை வலித்ததா?

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள் ரெஜினா போனில்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் "இது என்ன கலருங்க?" என்று கிசுகிசுத்தார். அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பொத்தியும் கேட்டுவிட்டது; போனில் ரெஜினா சிரித்தாள். "முப்பத்திரண்டு வருஷமா உங்க சட்டையை நான் எதுக்கு எடுத்து வெக்கிறேன்னு நெனச்சீங்க? போனை அவங்ககிட்டக் குடுங்க."

தேவசகாயத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேயா கமுக்கமாக இருந்தாள்?

"குடுக்க மாட்டேன். எம் பொண்டாட்டிக்கு யாரோ எதுக்குச் சொல்லணும்?" என்று பூவருகே குனிந்தார். "எனக்கு எல்லாம் இலை மாதிரிதான் தெரியுது, ரெஜி. ஆனா இது, தோசை வேகும்போது ஓரம் சுருண்டு எழும்புமே, அப்படி இருக்கு. அடுத்தது..."

"மெதுவா," என்றாள் ரெஜினா. "மெதுவாச் சொல்லுங்க."