ஐந்தாவது வாக்கியம்

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யாரென்று எஸ்தருக்குக் குரலிலேயே தெரிந்துவிட்டது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் டுடோரியலில் அவளுக்கு இங்கிலீஷ் நடத்திய ஞானசிகாமணி சார். அவளைவிட மூன்றே வயது மூத்தவர்.

"ஆசை, முடிவு, திட்டம்... இங்கிலீஷ்ல இந்த வார்த்தையெல்லாம் முன்னால வரும், செய்யப்போற காரியம் பின்னாலதான் வரும்னு சொல்லிக் குடுத்திய. ஞாபகம் இருக்கா சார்?"

"இல்லாம என்ன? 'கிவ் அப்', 'ரன் அவே'ன்னு சோடி சோடியா வர்ற வினையையும் சேத்து, அஞ்சு வாக்கியம் எழுதிட்டு வரச் சொன்னேன்."

நாலு வாக்கியத்தை அவள் கைடைப் பார்த்து எழுதினாள். ஐந்தாவது அவளுடையது: நாளை மாலை ஆறு மணி பஸ்ஸில் உங்களோடு ஓடிப்போக ஒரு திட்டம் இருக்கிறது. நோட்டு திரும்பி வந்தபோது ஐந்துக்கும் ஒரே மாதிரி சிவப்பு டிக். இந்த மனுஷனுக்கு இலக்கணம் மட்டும்தான் கண்ணில் படும் என்று அழுது தீர்த்தாள். மறுநாள் வாசலைத் தாண்டவில்லை. தையில் வேறொருவருக்குக் கழுத்தை நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். அதை வாசிச்சியளா, தப்பு மட்டும் பாத்தியளா?"

பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"வாசிச்சிட்டுத்தானே சரின்னு போட்டேன். மறுநாள் அஞ்சரைக்கே பெட்டியோட போய் நின்னுட்டேன், எஸ்தர்."

அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு. அடுத்ததும் வந்துச்சு."